ஒரு லோடு கோழி எரு... எத்தனை மூட்டை யூரியாவுக்குச் சமம்? நெல் விவசாயிகள் போட வேண்டிய கணக்கு!

நடவுக்கு முந்தைய வாரங்களில் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமச் சாலைகளில் போகிறவர்களுக்கு அந்த நெடி பழக்கமானது. வரப்போரம் டிப்பர் லாரியோ டிராக்டரோ வந்து நிற்கும். கொட்டிவிட்டுப் போன பிறகு, உமியும் எச்சமும் கலந்த பழுப்பு நிறக் குவியல் ஒன்று வயல் ஓரத்தில் கிடக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். வயல்காரர் முகத்திலோ ஒரு நிம்மதி. 'இந்த வருஷம் உரக்கடை வாசலில் நிற்க வேண்டியதில்லை' என்ற நிம்மதி.

ஆனால், அதே எருவைப் போட்ட இரண்டு வயல்கள் இரண்டு விதமாக முடிவதும் உண்டு. ஒன்றில் பயிர் நன்றாகத் தூர் கட்டி, கதிர் முற்றி, மூட்டை மூட்டையாக நெல் வரும். இன்னொன்றில் பயிர் கரும்பச்சையாக ஆளுயரம் வளரும், பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள். அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மழை, ஒரு காற்று... மொத்தமும் சாய்ந்து சேற்றில் படுத்துவிடும்.

எரு ஒன்றுதான். வித்தியாசம் கணக்கில் இருக்கிறது. யூரியா மூட்டையை எண்ணிப் போடுகிற நம் விவசாயிகள், கோழி எருவை மட்டும் 'ஒரு லோடு', 'ரெண்டு லோடு' என்று கண்ணளவில் போடுகிறார்கள். அந்த லோடுக்குள் என்ன இருக்கிறது, அதில் எவ்வளவு நெல்லுக்குப் போய்ச் சேரும் என்பதைப் பார்த்துவிடலாம்.

ஏரி நிறைந்தால் நெல்!

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில், சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது தாமல். வராகீஸ்வரர் கோயில், தாமோதரப் பெருமாள் கோயில் என்று பழைமையான கோயில்கள் உள்ள ஊர். பக்கத்தில் காஞ்சிபுரம் பட்டுக்குப் பேர் போனது என்றால், தாமலுக்கு அடையாளம் அதன் பெரிய ஏரி. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கே 'ஏரி மாவட்டம்' என்றுதான் பெயர். வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிறைந்து மதகு திறந்தால், ஆயக்கட்டு வயல்களில் நெல்.

சொர்ணவாரி, சம்பா, நவரை என்று இங்கே மூன்று நெல் பருவங்கள். சித்திரை, வைகாசி வாக்கில் தொடங்குவது சொர்ணவாரி. ஆடி, ஆவணியில் சம்பா. மார்கழி, தை மாதங்களில் நவரை. கிணறோ போர்வெல்லோ இருக்கிறவர்கள் ஒரே நிலத்தில் இரண்டு போகம், சிலர் மூன்று போகம்கூட எடுக்கிறார்கள். நிலத்துக்கு ஓய்வே கிடையாது.

முன்பெல்லாம் இந்த நிலத்துக்குத் தீனி போட்டது ஆட்டுக்கிடை, மாட்டுச் சாணம், வேப்பந்தழை, எருக்கந்தழை, கோடையில் ஏரியில் அள்ளிய வண்டல். இப்போது வீட்டுக்கு வீடு மாடு இல்லை. கிடை போட ஆட்டு மந்தையும் அந்த அளவுக்கு வருவதில்லை. காலியான அந்த இடத்தில்தான் யூரியா வந்து உட்கார்ந்தது. இப்போது கோழி எரு எட்டிப் பார்க்கிறது.

266 ரூபாய் மூட்டை!

நெல்லுக்குத் தேவைப்படும் சத்துகளில் முதலிடம் தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால், அதை நெற்பயிரால் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. காற்றிலிருந்து அதைப் பிடித்து அம்மோனியாவாக மாற்றும் வழியை 1909-ல் செய்து காட்டினார் ஜெர்மனி விஞ்ஞானி ஃபிரிட்ஸ் ஹேபர். அதை ஆலை அளவுக்குக் கொண்டுபோனவர் கார்ல் போஷ். 1913-ல் ஓப்பாவ் நகரில் உற்பத்தி தொடங்கியது. இன்றைக்கு மணலியில் இருக்கும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் வரைக்கும் யூரியா ஆலைகள் எல்லாம் அந்த வழியின் வாரிசுகள்தான்.

இதற்கு இயற்கை எரிவாயு நிறைய வேண்டும். நம் நாடு எரிவாயுவையும் இறக்குமதி செய்கிறது, யூரியாவையும் இறக்குமதி செய்கிறது. உலகத்தில் எங்கோ போர் மூண்டால், இங்கே உரக்கடையில் 'ஸ்டாக் இல்லை' என்ற பதில் வருவதற்கு இதுதான் காரணம். 45 கிலோ வேம்பு பூசிய யூரியா மூட்டையை விவசாயி 266 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறார். அதன் உண்மையான விலை பல மடங்கு. மிச்சத்தை அரசு மானியமாகக் கட்டுகிறது.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 45 கிலோ மூட்டையில் சுமார் 20 கிலோ 700 கிராம். இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோழி எருவை எடை போட இதுதான் படிக்கல்.

வெள்ளைப் பகுதியில் இருக்கிறது விஷயம்

கோழிக்கு மாட்டைப் போலத் தனியாகச் சிறுநீர் கழிக்கும் வழக்கம் இல்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதுதான் அதன் சிறுநீர். யூரிக் அமிலம் என்று பெயர். புதிய எச்சத்தில் இருக்கும் தழைச்சத்தில் பெரும்பகுதி இந்த வடிவில்தான் இருக்கிறது. ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் இதை யூரியாவாக மாற்றி, பிறகு அம்மோனியாவாக மாற்றிவிடும். கோழி ஷெட்டுக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கிறதே, அது அம்மோனியா காற்றில் பறக்கும் நெடி. மூக்கைத் துளைக்கும் அந்த வாடை அடிக்க அடிக்க, விவசாயி காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து கரைந்து போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாக் கோழி எருவும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிகளைக் கூண்டில் வளர்க்கிறார்கள். கூண்டுக்குக் கீழே விழுவது வெறும் எச்சம். பல்லடம் பகுதியிலும் மற்ற மாவட்டங்களிலும் கறிக்கோழிகளைத் தரையில் உமி, தென்னை நார்க்கழிவு, கடலைத்தோல் பரப்பி வளர்க்கிறார்கள். இதை ஆழ்கூள முறை என்பார்கள். சுமார் ஆறு வாரத்தில் கோழிகள் விற்பனைக்குப் போனதும், எச்சமும் கூளமும் கலந்து கிடப்பதை வாரிக் கொடுப்பார்கள். வயல் பக்கம் லோடாக வருவது பெரும்பாலும் இதுதான். ஒருவகையில் பார்த்தால், நெல் மில்லிலிருந்து பண்ணைக்குப் போன உமி, எருவாக மறுபடியும் நெல் வயலுக்கே திரும்புகிறது.

ஒரு டன்னில் என்ன இருக்கிறது?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் சராசரிக் கணக்குப்படி, கோழி எருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம், மணிச்சத்து சுமார் 2.6 சதவீதம், சாம்பல் சத்து 1.4 சதவீதம். சாதாரணத் தொழு எருவில் தழைச்சத்து அரை சதவீதம்தான். அந்த வகையில் கோழி எரு ஆறு மடங்கு வலுவானது.

அப்படியென்றால் ஒரு டன் கோழி எருவில் 30 கிலோ தழைச்சத்து. கிட்டத்தட்ட ஒன்றரை மூட்டை யூரியா. இங்கேதான் பலரும் கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். ஆனால், அந்த 30 கிலோவும் இந்தப் போகத்திலேயே கிடைக்காது. ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும். இன்னொரு பகுதி மண்ணில் மெதுவாக மட்கி அடுத்த போகத்துக்கும் அதற்கு அடுத்ததற்கும்தான் வரும். நன்றாக மூடிப் பாதுகாத்து, கொட்டிய அன்றே மண்ணோடு கலந்தால், பாதி கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது 15 கிலோ. யூரியாவில் முக்கால் மூட்டை. வெயிலிலும் மழையிலும் ஒரு மாதம் கிடந்த குவியல் என்றால் இன்னும் குறையும்.

முக்கால் மூட்டை யூரியாவின் விலை 200 ரூபாய். ஒரு டன் எருவை வாங்கி, வண்டி வாடகை கொடுத்து, இறைக்க ஆள் கூலியும் கொடுத்தால் அந்த 200 ரூபாய்க்குள் அடங்காது. மானிய விலை யூரியாவோடு தழைச்சத்தை மட்டும் வைத்துப் போட்டி போட்டால் கோழி எரு தோற்றுவிடும்.

அப்படியென்றால் வாங்கவே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். அந்த ஒரு டன்னில் 26 கிலோ மணிச்சத்தும் இருக்கிறது. 1,350 ரூபாய்க்கு விற்கும் 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் இருப்பதே 23 கிலோதான். கூடவே 14 கிலோ சாம்பல் சத்து, கொஞ்சம் சுண்ணாம்பு, துத்தநாகம், எல்லாவற்றுக்கும் மேலாக மண்ணுக்குத் தீனியாகும் மட்கு. தழைச்சத்துக்காக வாங்குவதாக நினைத்துக்கொண்டு வாங்கும் எருவில், உண்மையான லாபம் டி.ஏ.பி. செலவிலும் மண்வளத்திலும் இருக்கிறது.

ஏக்கருக்கு எவ்வளவு?

காவிரி டெல்டா, கோவைப் பகுதி நீங்கலாக மற்ற இடங்களில் குறுகியகால நெல் ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து, 40 கிலோ மணிச்சத்து, 40 கிலோ சாம்பல் சத்து என்பது பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. ஏக்கருக்கு மாற்றினால் சுமார் 48, 16, 16 கிலோ. மண் பரிசோதனை செய்தவர்கள் தங்கள் மண்வள அட்டையில் உள்ள அளவை எடுத்துக்கொள்ளலாம்.

முழுக்க ரசாயன உரம் போடுகிறவருக்கு ஏக்கருக்கு 35 கிலோ டி.ஏ.பி., இரண்டு மூட்டை யூரியா, 27 கிலோ பொட்டாஷ் தேவைப்படும்.

அவரே ஒரு டன் கோழி எரு போட்டால்? மணிச்சத்து 16 கிலோ போதும் என்ற இடத்தில் 26 கிலோ வந்துவிட்டது. டி.ஏ.பி. வேண்டாம். சுமார் 945 ரூபாய் மிச்சம். சாம்பல் சத்து ஏறத்தாழ முழுதும் வந்துவிட்டது. தழைச்சத்தில் 15 கிலோ போக மீதி 33 கிலோ. அதற்கு ஒன்றரை மூட்டைக்குச் சற்று மேலே யூரியா. ஆக, யூரியாவில் மிச்சம் அரை மூட்டைகூட இல்லை.

சரி, யூரியாவே வேண்டாம், முழுத் தழைச்சத்தையும் கோழி எருவிலேயே கொடுத்துவிடலாம் என்று ஒருவர் நினைத்தால்? ஏக்கருக்கு மூன்று டன்னுக்கு மேல் கொட்ட வேண்டும். அப்போது மணிச்சத்து 80 கிலோவைத் தாண்டும். தேவையைப் போல ஐந்து மடங்கு! மண்ணில் மணிச்சத்து இப்படிக் குவிந்தால் பயிர் துத்தநாகத்தை எடுக்க முடியாமல் திணறும். நட்ட இரண்டு, மூன்று வாரத்தில் இலைகளில் துரு நிறப் புள்ளிகள் விழுந்து, பயிர் குட்டையாக நின்றுவிடும். 'எருவெல்லாம் போட்டும் பயிர் எழும்பலையே' என்று விவசாயி மறுபடியும் யூரியா போடுவார். செலவுக்கு மேல் செலவு.

இன்னொரு விஷயம், ரகம். வெள்ளைப்பொன்னி போன்ற ரகங்கள் அதிகத் தழைச்சத்தைத் தாங்காது. அவற்றுக்கு ஹெக்டேருக்கு 75 கிலோ, அதாவது ஏக்கருக்கு 30 கிலோதான் பரிந்துரை. ஒரு டன் எருவே அதில் பாதியைக் கொடுத்துவிடும். பொன்னி வயலில் இரண்டு லோடு கோழி எருவும் போட்டு, வழக்கமான யூரியாவும் போட்டால் பயிர் சாயாமல் என்ன செய்யும்?

தண்ணீருக்கு அடியில் நடப்பது...

நெல் மற்ற பயிரைப் போல அல்ல, தண்ணீரில் நிற்கும் பயிர். தேங்கிய தண்ணீருக்குக் கீழே சேற்றில் காற்று இருக்காது. அங்கே தழைச்சத்து அம்மோனியம் என்ற வடிவில் இருந்தால் மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் எடுத்துக்கொள்ளும். அதே தழைச்சத்து நைட்ரேட் வடிவில் இருந்தால் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை வாயுவாக்கி வானத்துக்கே அனுப்பிவிடும்.

காய்ந்த மண்ணில் எரு கிடந்தால் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறும். பிறகு தண்ணீர் கட்டினால் அது வீண். அதனால், நடவு வயலில் கோழி எருவைக் கடைசிச் சேற்றுழவின்போது போட்டு, அன்றே மண்ணோடு கலந்து, மெல்லிய அளவில் தண்ணீரைக் கட்டி வைப்பதுதான் நல்லது. சில நாள்களுக்கு வயலிலிருந்து தண்ணீரை வெளியே வடிக்கக் கூடாது. வடித்தால் சத்தும் சேர்ந்து பக்கத்து வயலுக்கோ ஓடைக்கோ போய்விடும்.

இந்தச் சிக்கலை அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து விவசாயிகளும் சந்தித்தவர்கள்தான். அமெரிக்க நெல்லில் ஏறத்தாழ பாதி விளைவது அங்கே. கறிக்கோழி வளர்ப்பிலும் அது முன்னணி மாநிலம். வயல்களை இயந்திரம் வைத்துச் சமன் செய்தபோது மேல்மண் போய், அடிமண் வெளியே வந்து, ரசாயன உரம் மட்டும் போட்டும் நெல் சரியாக வராமல் போனது. அந்த இடங்களில் கோழி எரு போட்டதும் பயிர் தேறியது. ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். வெட்டிய நிலத்தைத் தேற்றுவதில் கோழி எரு கெட்டிக்காரன்; ஆனால், அதிலிருக்கும் மொத்தத் தழைச்சத்தில் ஒரு பகுதிதான் முதல் போகத்தில் நெல்லுக்குக் கிடைக்கிறது என்பது அவர்கள் கண்டது. அங்கே நெல்லைக் காய்ந்த மண்ணில் விதைத்து, பயிர் வளர்ந்த பிறகே தண்ணீர் கட்டுகிறார்கள். இடைப்பட்ட வாரங்களில் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி, தண்ணீர் கட்டியதும் போய்விடுகிறது.

காஞ்சிபுரம் பக்கத்து விவசாயிகளுக்கு இது நன்றாகப் புரியும். ஏனென்றால், இங்கேயும் புழுதி விதைப்பு உண்டு. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு, மழை பெய்து ஏரியில் தண்ணீர் வந்த பிறகு சேற்று நெல்லாக மாற்றுகிறார்கள். இப்படிப்பட்ட வயலில் கோழி எருவை மண்வளத்துக்காகப் போடலாம். ஆனால், ஒரு டன்னுக்கு முக்கால் மூட்டை யூரியா என்று கழித்துவிடக் கூடாது. அந்தக் கணக்கு சேற்று நடவுக்கு மட்டும்தான். தாமல் ஏரிக்கும் ஆர்கன்சாவுக்கும் நடுவில் எத்தனை கடல் இருந்தாலும், தண்ணீருக்கு அடியில் நடக்கும் ரசாயனம் ஒன்றுதான்.

கல்லும் மண்ணும் தெரியும்படி மேல்மண் வெட்டிய நிலம், லேசர் கருவி வைத்துச் சமன் செய்த நிலம், செங்கல் சூளைக்கு மண் கொடுத்த நிலம் என்று ஏதாவது வைத்திருப்பவர்கள், கையில் இருக்கும் எருவை முதலில் அந்த இடத்துக்குப் போடுவது புத்திசாலித்தனம்.

'கோழி எரு சூடு' என்பது உண்மையா?

கிராமத்தில் பெரியவர்கள் சொல்லும் வார்த்தை இது. உண்மைதான். பண்ணையிலிருந்து வந்த பச்சை எருவில் அம்மோனியாவும் உப்பும் அதிகம். மட்கும்போது வெப்பமும் கிளம்பும். நாற்றங்காலில் போட்டால் இளம் நாற்று கருகிவிடும். நடவு வயலில் பச்சையாகப் போட்டால், சேற்றில் புளித்து, அழுகிய முட்டை வாடையடிக்கும் வாயுவும் அமிலங்களும் கிளம்பி வேரைக் கறுக்க வைக்கும். மீத்தேன் வாயுவும் அதிகமாக வெளியேறும்.

இதற்குத் தீர்வு மட்க வைப்பது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை எளிமையானது. ஒரு பங்கு கோழி எச்சத்துக்கு ஒன்றேகால் பங்கு பொடியாக நறுக்கிய வைக்கோல். அதோடு சிப்பிக்காளான் வித்து. நிழலில் குவித்து, ஈரம் 40 முதல் 50 சதவீதம் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, இடையில் மூன்று முறை கிளறிவிட்டால் சுமார் 50 நாளில் நெடி அடங்கிய கம்போஸ்ட் தயார். ஈரம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது.

வைக்கோல் மாட்டுக்கு வேண்டும் என்பவர்கள் தென்னை நார்க்கழிவைச் சேர்க்கலாம். ஏற்கெனவே உமி கலந்து வரும் ஆழ்கூள எருவுக்குச் சேர்க்க வேண்டியது குறைவு. எதுவானாலும் குவியலைத் தார்ப்பாயால் மூடி வைப்பது முக்கியம். மட்கிய எருவை எடைக்கு எடை பார்த்தால் தழைச்சத்து 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். 'சத்து குறைஞ்சிடுச்சே' என்று தோன்றும். வைக்கோல் கலந்ததால் வந்த குறைவு அது. கணக்குப் போடும்போது மட்டும் டன்னுக்கு 30 கிலோ என்று எடுக்காமல், 20 கிலோவுக்குள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இருப்பது நிலையாக இருக்கும், பயிரைச் சுடாது, களை விதையும் நோய்க் கிருமியும் வெப்பத்தில் பெருமளவு அழிந்திருக்கும்.

மீதி யூரியாவை எப்போது போடுவது? இலையைக் கேளுங்கள்!

எரு போட்ட வயலில் யூரியாவைத் தேதி பார்த்துப் போடுவதைவிட இலை பார்த்துப் போடுவது நல்லது. அதற்கென்றே இருக்கிறது இலை வண்ண அட்டை. இளம் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாகப் பட்டைகள் உள்ள சின்ன பிளாஸ்டிக் அட்டை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரவலாக்கிய இந்தக் கருவியைத் தமிழ்நாட்டிலும் பரிந்துரைக்கிறார்கள்.

நட்ட 14-வது நாளில் தொடங்கி, பூக்கும் வரை வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். காலை வேளையில் வயலில் அங்கங்கே பத்துப் பயிர்களைத் தேர்ந்தெடுத்து, மேலே முழுதாக விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். இலை மேல் வெயில் விழாமல் உங்கள் நிழலில் வைத்துப் பார்ப்பது அவசியம். பெரும்பாலான ரகங்களுக்கு 4, வெள்ளைப்பொன்னிக்கு 3 என்பது எல்லை. பத்தில் ஆறு இலைகளோ அதற்கு மேலோ அந்த எல்லைக்குக் கீழே வெளிறி இருந்தால் மட்டும் யூரியா. இல்லையென்றால் மூட்டையைப் பிரிக்காதீர்கள். எரு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதில் பெரிய லாபம் யூரியா மிச்சம் மட்டுமல்ல. தழைச்சத்து மிஞ்சிய பயிரின் இலை கொழகொழவென்று இளசாக இருக்கும். இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையானுக்கும் அது விருந்து. குலைநோயும் இலையுறை கருகலும் அங்கேதான் முதலில் வரும். கரும்பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட விவசாயி, மருந்துக்கடைக்கு நடக்க ஆரம்பிப்பார்.

ஊருக்கும் பங்கு உண்டு

வரப்போரம் திறந்து கிடக்கும் கோழி எருக் குவியல் வயல்காரரின் சொந்தப் பிரச்னை மட்டும் அல்ல. ஈ மொய்க்கும். மழை பெய்தால் கழிவு நீர் வழிந்து கால்வாய்க்கும் கிணற்றுக்கும் போகும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கைக்குழந்தைகளுக்கு நைட்ரேட் மிகுந்த தண்ணீர் ஆபத்தானது. எனவே கிணறு, ஏரிக்கரை, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து தள்ளி, மேடான இடத்தில், மூடி வைப்பதுதான் முறை.

வாங்கும் இடத்திலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். கறிக்கோழி எருவா, முட்டைக்கோழி எருவா? எத்தனை நாளாகக் கிடக்கிறது, மழையில் நனைந்ததா? பண்ணையில் சமீபத்தில் நோய் வந்து கோழிகள் இறந்தனவா? தீவனத்திலோ தண்ணீரிலோ என்ன மருந்து கொடுத்தார்கள்? கடைசிக் கேள்வி சும்மா இல்லை. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாகப் பயன்படும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கோழி, கால்நடைகளுக்குக் கொடுக்க மத்திய அரசு 2019-ல் தடை விதித்தது. மருந்து மிச்சம் எச்சத்தோடு வெளியே வரும் என்பதால், மட்க வைக்காத எருவைத் தவிர்ப்பது இந்த வகையிலும் நல்லது. நோய் வந்த பண்ணையின் எரு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொட்டிக்கு மட்கிய கோழி எரு ஒரு கைப்பிடி போதும், அதுவும் செடியின் தண்டிலிருந்து தள்ளி. பச்சை எருவைக் கீரைக்கோ கொத்தமல்லிக்கோ போடவே கூடாது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இலையோடு சமையலறைக்கு வந்துவிடும்.

ஒரு பாத்தியை விட்டு வையுங்கள்!

இத்தனை கணக்குக்குப் பிறகும், உங்கள் மண்ணில் உங்கள் எரு என்ன செய்யும் என்பதை உங்கள் வயல்தான் சொல்ல வேண்டும். அதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. எரு இறைக்கும்போது ஓரத்தில் ஐந்து சென்ட் அளவுக்கு ஒரு பாத்தியைத் தனி வரப்புக் கட்டி, எரு போடாமல் விட்டு வையுங்கள். அங்கே வழக்கமான உரம். மற்ற இடத்தில் ஏக்கருக்கு ஒரு டன் எரு, டி.ஏ.பி. இல்லை, இலை பார்த்து யூரியா. இரண்டின் செலவையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, அறுப்பின்போது இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள்.

சந்தேகம் இருந்தால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, கட்டுப்பாக்கத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேட்கலாம். மண் மாதிரியோடு எரு மாதிரியும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. அப்போது 'சுமார் 3 சதவீதம்' என்ற சராசரிக்குப் பதிலாக உங்கள் லோடின் சொந்த எண்ணே கையில் இருக்கும்.

அடுத்த முறை வரப்போரம் லாரி வந்து நிற்கும்போது, 'எத்தனை லோடு வேணும்?' என்று டிரைவர் கேட்பார். பதில் சொல்வதற்கு முன் அந்த நோட்டை ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.